நிரம்பிய ஏரிக்கும் வேலை உண்டு

புதுச்சேரி அரியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஏரியைத் தூர்வாரியிருந்தால் வெள்ளம் வந்திருக்காது என்கிறார்கள். கார்த்திகை மாதத்தில் எங்கள் ஏரி எப்படியும் நிரம்பித்தானே கிடக்கும்? நிரம்பின ஏரியால் வெள்ளத்துக்கு என்ன பிரயோசனம்?”

கேள்வியின் முதல் பாதியில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. இரண்டாம் பாதிக்குள்தான் நான் பல நாளாக எழுத நினைத்த விஷயம் ஒளிந்திருக்கிறது.

முதலில் மழைக் கணக்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் போய்த் தொலைந்திருந்தால் பரவாயில்லை. மணிக்கணக்கில் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. அதற்கு முந்தைய உச்சம் 2004 அக்டோபர் 31-ல் பெய்த 21 செ.மீ. என்று வானிலைத் துறை சொன்னது. அதாவது பழைய சாதனையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். புதுச்சேரிப் பகுதியின் பரப்பு சுமார் 293 சதுர கிலோமீட்டர். எல்லா இடத்திலும் ஒரே அளவு பெய்ததாக வைத்துப் பெருக்கினால் 5 டி.எம்.சி. வருகிறது. சாத்தனூர் அணை முழுதாக நிரம்பினாலே 7.3 டி.எம்.சி.தான்.

இதில் புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரியான ஊசுட்டேரி எவ்வளவு கொள்ளும்? 540 மில்லியன் கன அடி, அரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். ஒரு நாள் மழையில் பத்தில் ஒரு பங்கு. ஏரிகளில் தண்ணீரைப் பிடித்துவைத்து இப்படிப்பட்ட புயலைச் சமாளித்துவிடலாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வகுத்தலை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

பாகூர் பக்கத்தின் கதை இன்னும் மோசம். அங்கே வானத்திலிருந்து வந்தது போதாதென்று ஆற்றிலிருந்தும் வந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஊசுட்டேரியை நிரப்ப ஒரு மணி நேரம்கூட ஆகாது. 54 நிமிடம் போதும். ஆறு அப்படி வரும்போது ஏரியின் விஞ்ஞானம் எதுவும் எடுபடாது. கரையோரத்து ஊர்களுக்கு அன்று தேவைப்பட்டது எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்ற செய்தி, ஏறிப் போக ஒரு மேடு, இரவில் கதவைத் தட்ட நான்கு பேர்.

இனி தூர்வாருதல். ஏரியை ஆழப்படுத்தினால் கூடுதல் இடம் கிடைக்கிறது, உண்மை. எங்கே கிடைக்கிறது? அடியில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. நல்ல பருவமாக இருந்தால் அந்த அடி இடம் முதலில் வரும் மழைக்கே நிரம்பிவிடும். புயல் வரும்போது அது காலி இடமே இல்லை. தூர்வாரிய இடத்தில் நிற்கும் தண்ணீர் தை, மாசியில் பயிருக்கு உதவும், கிணறுகளில் ஊறும். வெள்ளத்துக்கு அது சம்பந்தமில்லாத ஆள்.

அப்படியானால் நிரம்பி, உபரிநீர் வழியும் கலங்கலில் கோடி போய்க்கொண்டிருக்கும் ஏரி வெள்ளத்தை எப்படிக் குறைக்கிறது?

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் ஐந்து பஸ்களில் வந்த கூட்டம் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கிக் கிளம்புகிறது. பஸ்ஸிலிருந்து நேராகப் பந்திக்கு வழி இருந்தால் பந்தி நாசம். நடுவில் அகலமான மண்டபம் இருந்தால் கூட்டம் அங்கே பரவி நிற்கும். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நெருக்கம் மெதுவாகத்தான் கூடும், மெதுவாகத்தான் ஆட்கள் உள்ளே போவார்கள். மண்டபம் ஏரி, சாப்பாட்டுக் கூடத்து வாசல் கலங்கல், பந்தி கீழே இருக்கும் ஊர். நாற்காலிகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. அதனால் என்ன, நிற்க இடம் இருக்கிறதல்லவா? தூர்வாருவது மண்டபத்துக்கு அடியில் ஒரு தளம் தோண்டுவது. அதில் முந்தின நாளே வந்த உறவினர்கள் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள், சித்திரை வரை எழுந்திருக்க மாட்டார்கள். வாசலில் மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அது கலங்கலில் மணல்மூட்டை. பந்திக்குப் போகும் நடையில் யாரோ தாம்பூலக் கடை வைத்திருந்தால் அது உபரிநீர் வாய்க்கால் ஆக்கிரமிப்பு. கை கழுவும் இடம் எது என்று கேட்காதீர்கள், கடல் என்று சொல்லவேண்டி வரும்.

இப்போது எண்களுக்கு வருவோம், அங்கேதான் அழகு. கலங்கல் வழியே தண்ணீர் வெளியேற வேண்டுமானால் ஏரியின் மட்டம் கலங்கலின் உச்சியைத் தாண்டி உயர வேண்டும். இரண்டு மடங்கு வெளியேற வேண்டுமானால் இன்னும் உயர வேண்டும். ஏரி உயர வேண்டுமென்றால் அதன் பரப்பு முழுவதும் உயர வேண்டும். எல்லை தாண்டித் தமிழகத்துக்குள்ளும் விரிந்து கிடக்கும் ஊசுட்டேரியின் பரப்பு சுமார் 800 ஹெக்டேர். அது ஒரே ஒரு சென்டிமீட்டர் உயர 8 கோடி லிட்டர் வேண்டும், 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏறக்குறைய 6,700 நடை.

அந்தப் பரப்புள்ள ஓர் ஏரி நிரம்பி நிற்கிறது, கலங்கலின் நீளம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 2,000 கன அடி வெள்ளம் ஆறு மணி நேரம் அதற்குள் புகுகிறது. ஏரி எவ்வளவு உயரும்? 15 செ.மீ., ஒரு சாண்கூட இல்லை. அந்த உயரத்துக்குக் கலங்கலில் வழிவது விநாடிக்குச் சுமார் 200 கன அடி. உள்ளே வந்தது இரண்டாயிரம், வெளியே போவது இருநூறு! ஒரு சொட்டுக்கும் காலி இடமில்லாமல் நிரம்பியிருந்த ஏரி, கதவோ மோட்டாரோ இயக்குபவரோ இல்லாமல், வெள்ளத்தின் உச்சத்தைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டது. மிச்சத்தை அடுத்த பல நாள்களில் மெதுவாக விடும். தண்ணீர் குறையவில்லை. நேரம்தான் நீண்டது.

இதைப் படித்ததும் எல்லா ஏரிக்கும் இது பொருந்தும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். அதே வெள்ளம், அதே நீளக் கலங்கலுள்ள 100 ஏக்கர் கிராமத்து ஏரிக்கு வந்தால் கதை மாறுகிறது. பரப்பு குறைவு, மட்டம் விறுவிறுவென்று ஏறும். கலங்கலுக்கு மேல் 68 செ.மீ. ஏறியதும் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிடும். ஊருக்குக் கிடைக்கும் அவகாசம் ஓரிரண்டு மணி நேரம். அதுவும் சும்மா இல்லைதான். மாட்டை அவிழ்த்துவிடலாம், நெல் மூட்டையைப் பரணில் ஏற்றலாம்.

இந்தச் சின்ன ஏரியில்தான் உண்மையான ஆபத்து. நிரம்பிய மட்டத்துக்கு மேல் கரை ஒரு மீட்டர் உயரம் நிற்கிறது என்று வையுங்கள். கூடுதல் தண்ணீர் பிடிக்கும் ஆசையில் கலங்கலில் 30 செ.மீ. உயரத்துக்கு மணல்மூட்டை அடுக்குகிறோம். வெள்ளம் வெளியேற அதற்கு மேல் 68 செ.மீ. வேண்டும். கூட்டினால் 98. மிச்சம் இரண்டு சென்டிமீட்டர், அதைக் காற்றில் எழும் அலை ஏப்பம் விடும். மண் கரை தாங்குவது பக்கவாட்டு அழுத்தத்தைத்தான். தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் அரிக்கத் தொடங்கும், அப்புறம் உடைப்புத்தான். சங்கிலியாக இருக்கும் ஏரிகளில் மேல் ஏரி உடைந்தால் அதன் மொத்தத் தண்ணீரும் கீழ் ஏரிக்கு ஒரே வீச்சில் வரும்.

பழைய கலங்கல்கள் பலவற்றில் உச்சியில் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். பாழடைந்த அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போவோம். மழைக்காலம் முழுவதும் கற்களுக்கு இடையே இடைவெளி திறந்திருக்கும். வெள்ள அபாயம் தீர்ந்த பிறகு மண்ணும் புல் கரணையும் பலகையும் வைத்து அடைத்து, கடைசித் தண்ணீரைப் பிடித்துக்கொள்வார்கள். இன்றைய அணைப் பொறியாளர்கள் மாதவாரியாக அட்டவணை போட்டு வைத்திருக்கும் விதியை யாரோ கல்லில் நட்டுவைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஏரியின் ஆகச் சிறந்த பொறியியல் அந்தக் கல்வரிசைதான்.

ஆனால் கல் தானாக அடைத்துக்கொள்ளாது, தானாகத் திறந்துகொள்ளாது. எந்தத் தேதியில் அடைப்பது என்பது சண்டைக்குரிய விஷயம். கீழே ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவருக்குச் சீக்கிரம் அடைக்க வேண்டும். மேலே நீர்ப்பிடிப்பில் பயிர் வைத்திருப்பவருக்கு அடைக்கவே கூடாது. வெள்ளத் தடுப்பில் மக்கள் பங்கேற்பு என்று அறிக்கைகளில் வருவதன் அசல் பொருள் இந்தச் சண்டையை ஆடி மாதத்திலேயே போட்டு முடித்துவிடுவது.

வரலாறு இல்லாமல் ஏரிக் கட்டுரை எழுதினால் ஆசிரியர் விடமாட்டார். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வருகிறது. குடிமராமத்து என்பதும் ஊரே மனமுவந்து செய்த பொற்காலச் சேவை என்று பாடப்படுகிறது. அவ்வளவு மனமுவந்து செய்திருந்தால் சென்னை மாகாணத்தில் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் போடவேண்டி வந்திருக்காது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் விவசாயிகள் சங்கங்கள் ஏரிகளைப் பார்த்துக்கொண்டன. வரலாறு இவ்வளவு போதும்.

கிட்டத்து உதாரணம்தான் பயனுள்ளது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. கரையைப் பலப்படுத்துவதோடு நிற்காமல் ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் அமைத்தார்கள். ஆயக்கட்டில் நிலமுள்ளவர்களோடு நிலமில்லாதவர்களும் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். யோசனை சரியானது. கரை உடைந்தால் முதலில் தண்ணீர் புகுவது நிலமில்லாதவர் வீட்டில்தான், அவருக்கு ஏரி விஷயத்தில் குரல் இல்லையென்றால் மணல்மூட்டையை யார் எதிர்ப்பது? நடைமுறை யோசனை அளவுக்கு ஓடவில்லை. பணம் நின்றதும் பல சங்கங்கள் சோர்ந்தன. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைச் சொர்ணாவூரிலிருந்து கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைக் காக்க ஒரு கூட்டமைப்பு குரல் கொடுத்துவருவது ஆறுதல்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒருவர் எழுந்து சென்சார், செயற்கை நுண்ணறிவு, மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சு நகரம் என்பார். சீனாவின் செங்சோ பஞ்சு நகரத் திட்டத்தில் பெரும் பணம் போட்ட ஊர். 2021 ஜூலை 20-ல் அங்கே ஒரே மணி நேரத்தில் 20 செ.மீ. மழை பெய்தது. சுரங்க ரயில் பயணிகளின் கழுத்தளவுக்குத் தண்ணீர் ஏறி, உயிர்கள் போயின. பஞ்சுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. நம் பக்கம் மட்டும் என்ன? தென்பெண்ணையின் குறுக்கே தளவானூரில் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை 2020-ல் திறக்கப்பட்டு, நான்கே மாதத்தில், 2021 ஜனவரியில் உடைந்தது. கான்கிரீட் என்பதால் மட்டும் நம்பிக்கை வரவேண்டியதில்லை.

சென்சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடூர் அணையில் இத்தனை கன அடி திறந்தார்கள் என்ற செய்தி சங்கராபரணி ஓரத்து ஊர்களுக்கு உடனே வரவேண்டும். அணை இருப்பது தமிழகத்தில், தண்ணீர் வருவது வில்லியனூருக்கு. கண்டமங்கலத்துக்கும் அரியூருக்கும் நடுவே மாநில எல்லை இருப்பது தண்ணீருக்குத் தெரியாது, அலுவலகத்துக்கு நன்றாகத் தெரியும். செய்தி வந்த பிறகு ஊரில் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதை எந்தச் சென்சாரும் சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டிய இடம் பஞ்சாயத்து. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அந்த ஆண்டின் டிசம்பர் 30-ல் தானே புயல் வந்து போனது, பிறகு ஃபெஞ்சலும் வந்து போனது, கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். மக்கள் பங்கேற்புடன் பேரிடர்த் திட்டம் என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதுவது நேர்மை.

அரியூர் வாசகருக்கு என் பதில்: தூர்வாரச் சொல்லிக் கேளுங்கள், ஆனால் கோடைக்காகக் கேளுங்கள். வெள்ளத்துக்காக என்றால் புரட்டாசி பிறப்பதற்குள் நான்கைந்து பேராக ஒரு நாடாவோடு கலங்கலுக்குப் போங்கள். கலங்கலின் நீளத்தையும், அதற்குக் கீழே உபரிநீர் வாய்க்காலின் அகலத்தையும் நூறடிக்கு ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பொதுப்பணித் துறையிடம் பழைய வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். எங்கே குறுகியிருக்கிறதோ அங்கேதான் உங்கள் ஊருக்கு அடுத்த வெள்ளம் வரும். மணல்மூட்டை கண்ணில் பட்டால், யார் வைத்தது என்று விசாரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எடுத்துவிடுங்கள்.