திரை இல்லாத கணினி
ஆல்டேர் 8800
எம்.ஐ.டி.எஸ். நிறுவனம், ஆல்புகெர்க்கி, நியூ மெக்சிகோ, அமெரிக்கா, 1975

இந்தப் பெட்டிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. ஆர்வலர்கள் பலர் உதிரிபாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பற்றவைத்துச் சேர்த்தார்கள். உள்ளே இன்டெல் 8080 சில்லு. அடிப்படை நினைவகம் வெறும் 256 பைட்.

முகப்புச் சுவிட்சுகளைப் பாருங்கள். மேலே தள்ளினால் 1, கீழே தள்ளினால் 0. நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்கச் சொல்லும் கட்டளை 00111010. வலப்பக்கத்து எட்டுச் சுவிட்சுகளை அந்த வரிசையில் வைத்து, ‘டெபாசிட்’ சுவிட்சை மேலே தட்டினால் அது நினைவகத்தில் ஏறும். கீழே தட்டினால் அடுத்த இடத்தில் ஏறும். எல்லாக் கட்டளைகளையும் ஏற்றிய பிறகு ‘ரன்’. விடையைச் சிவப்பு விளக்குகளில் படிக்க வேண்டும்: எரிந்தால் 1, அணைந்திருந்தால் 0. மின்சாரம் போனால் ஏற்றியதெல்லாம் அழிந்துவிடும்.

விளக்குகளோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் கூடுதல் அட்டை ஒன்றைச் செருகி, டெலிடைப் எந்திரத்தை இணைத்தார்கள். விடை தாளில் அச்சாகி வந்தது. 1975இல் ஸ்டீவ் டாம்பியர் என்பவர் அருகில் ஒரு வானொலியை வைத்து, கணினி கிளப்பிய மின்காந்த இரைச்சலையே பாட்டாக ஒலிக்கவைத்தார். 1976இல் குரோமெம்கோ நிறுவனத்தின் ‘டாஸ்லர்’ அட்டை வந்ததும் வண்ணத் தொலைக்காட்சியே இதற்குத் திரையானது.