காசல்லாத காசுகள்

கொற்கைத் துறையில் பாண்டியரின் முத்து வாணிபம் தழைத்த நாள் தொட்டு, நமது கடற்கரை பல நாட்டுக் காசுகளைக் கண்டிருக்கிறது. உரோமாபுரிக் காசுகள் தமிழகத்தின் பல ஊர்களில் புதையலாகக் கிடைத்துள்ளன. போர்த்துக்கீசியருக்குப் பின், 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர். 1961-ஆம் ஆண்டோடு நம் கரையின் பெரிய முத்துக்குளிப்புகள் ஓய்ந்துவிட்டன. ஆயினும், பழங்காசு பற்றிய பேச்சு ஓயவில்லை. இத்தகைய கரையில், "உழுதபோது கிடைத்தது", "பாட்டனார் பெட்டியில் இருந்தது" என்று சொல்லி எதைக் காட்டினாலும் நம்புவோர் இருப்பதில் வியப்பில்லை.

இன்று அவ்விதம் காட்டப்படுபவற்றுள் பெரும்பாலானவை எந்த அரசும் அச்சிட்டவை அல்ல. தனியார் பட்டறைகளில் பூசைக்காகவும், அலங்காரத்துக்காகவும், வேடிக்கைக்காகவும் செய்யப்பட்ட உலோக வில்லைகளே அவை. இராமர் பட்டாபிஷேகம் பொறித்த வில்லையைப் பூசையறையில் வைத்து வணங்குவதில் யாதொரு குற்றமும் இல்லை. அதற்கு ஒரு பழங்கதையைச் சேர்த்து விலை கூறும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், பருத்தி பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் சாகுபடிக் கடனின் தவணைக்காக வைத்திருந்த பன்னிரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்து இத்தகைய செப்பு வில்லை ஒன்றை வாங்கியிருந்தார். இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. நகை மதிப்பீட்டாளரின் தராசில் அதன் விலை, அதிலிருந்த செம்பின் விலையாகவே நின்றது. தவணை தவறிற்று, வட்டி ஏறிற்று. அவருக்கு நேர்ந்தது பிறருக்கு நேராதிருக்கவே இதனை எழுதுகிறோம்.

1818-ஆம் ஆண்டின் "ஓரணா"

மிகுதியாகப் புழங்கும் வில்லையின் அடையாளம் இது: ஒரு புறத்தில் அனுமனோ, இராமரும் சீதையுமோ, வேறு தெய்வமோ இருக்கும், மறுபுறத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும், "யு.கே.எல்." என்ற எழுத்துக்களும், "ஒன் அணா" என்பதும், 1818 என்ற ஆண்டும் காணப்படும். வேறு ஆண்டுகள் பொறித்தனவும் உண்டு.

இதனை மறுக்கச் சரித்திரமே போதும். கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே விதமான நாணயத்தை 1835-இல்தான் ஏற்படுத்தியது. அப்போதும் செம்பில் அரையணாவும், காலணாவும், தம்படியுமே அடிக்கப்பட்டன. ஓரணாக் காசு அடிக்கப்படவில்லை. நம் பெரியோர்கள் கையாண்ட வளைந்த விளிம்புடைய ஓரணாக் காசு 1907-இல் வந்தது. அதுவும் செம்பும் நிக்கலும் கலந்தது. "யு.கே.எல்." என்ற எழுத்துக்களோ கம்பெனியின் மெய்யான காசு எதிலும் இல்லை.

எனினும், தெய்வ உருவம் உள்ளதெல்லாம் போலி என்று முடிவு கட்டிவிடலாகாது. சென்னை நாணயசாலையில் கம்பெனி அடித்த வராகன் காசுகளில் கோபுரமும் திருமாலின் உருவமும் மெய்யாகவே உண்டு. ஆகவே உருவம், எழுத்து, ஆண்டு, உலோகம், எடை ஆகிய ஐந்தையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

டச்சுக் கம்பெனியின் செப்புக் காசுகளிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். அவற்றில் வி, ஓ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்கள் பின்னிக் கிடக்கும். அவை 1602-இல் தோன்றி 1799-இன் முடிவில் கலைந்துபோன டச்சுக் கம்பெனியின் முதலெழுத்துக்கள். 1872-இல் பிறந்த நம் கப்பலோட்டிய தமிழருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. "வ.உ.சி. வெளியிட்ட சுதேசிக் காசு" என்று எவரேனும் விற்க முற்பட்டால், சிரித்துவிட்டு விலகுவதே தகும்.

தராசும் தண்ணீரும்

1835-ஆம் ஆண்டின் வெள்ளி ரூபாய் சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடையுள்ளது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்குக்குச் சற்றே குறைவாக வெள்ளி உடையது. எடை சரியாயிருந்தாலும் வெள்ளி முலாம் பூசிய பித்தளையாக இருக்கலாம். அதனைக் கண்டறிய எளிய வழி உண்டு.

சங்கத்தின் மின்னணுத் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைப் பூச்சியமாக்குக. காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாதவாறு நீரில் முழுவதும் அமிழ்த்துக. நல்ல வெள்ளி ரூபாயாயின் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். அதே எடையுள்ள பித்தளை வில்லையாயின் 1.37 கிராம் அளவில் காட்டும். பித்தளை இலேசானதாகையால் அதே எடைக்கு மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதே இதற்குக் காரணம்.

விளிம்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தல் நலம். வார்த்துச் செய்த வில்லையில் ஊசிமுனை போன்ற துளைகளும், ஓரத்தில் ஒட்டுக்கோடும், மழுங்கிய எழுத்துக்களும் தென்படும்.

"அரிசியை இழுக்கும் காசு" என்பது முழு மோசடி. செம்புக்கு அரிசியை ஈர்க்கும் ஆற்றல் கிடையாது. இரும்புத் தூள் கலந்த அரிசியும் மறைத்து வைத்த காந்தமுமே அங்கு வேலை செய்கின்றன. "இரிடியம்" என்ற பெயரைச் சொல்லி இவ்வகையில் ஏமாற்றிய கூட்டங்களைத் தமிழகக் காவல்துறை பலமுறை பிடித்திருக்கிறது.

மெய்க்காசை மறுத்தல்

போலியை ஏற்பதைப் போலவே மெய்யை மறுப்பதும் தவறாகும். 2009-இல் புழக்கத்துக்கு வந்த பத்து ரூபாய் நாணயத்தை, "கோடு பத்து உள்ளதே செல்லும்", "ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது" என்று கூறித் தமிழகத்தின் கடைகளில் மறுத்து வந்தனர். ரூபாய்க் குறி 2011-இல்தான் நாணயங்களில் ஏறிற்று. அதற்கு முந்தியவற்றில் அது எங்ஙனம் இருக்கும்? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளியான பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று தெளிவாக அறிவித்தது.

ஆண்டின் கீழுள்ள சிறு குறியும் பலரை மயக்குகிறது. வைர வடிவம் மும்பையையும், நட்சத்திரம் ஹைதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். கொல்கத்தாக் காசில் குறியே இராது. நான்கும் அரசின் நாணயசாலைகளே. உடன்குடியில் கருப்பட்டி விற்ற காசையோ, தறியில் நெய்து பெற்ற கூலியையோ கொண்டுவரும் அங்கத்தினரிடம் சங்க எழுத்தரே "இது செல்லாது" என்று சொன்னால், அவர் உழைப்பையே செல்லாது என்று சொன்னதாகும்.

செய்யத்தக்கவை

(1) 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, பணமாகப் புழங்கவிடும் நோக்கத்தோடு தனியார் உலோக வில்லை செய்வதும் வெளியிடுவதும் குற்றம். கல்லாவில் அத்தகையது கண்டால் மறுபடியும் புழக்கத்தில் விடாது, செயலாளரிடம் ஒப்படைத்துப் பதிவு செய்க.

(2) அதே சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் ஒரு கொடுக்கல் வாங்கலில் ஆயிரம் ரூபாய் வரை செல்லும். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதனவாயின.

(3) நிலத்தில் மெய்யாகவே புதையல் கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டிருந்தால், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்கு அறிவித்தல் கடமை. இரகசியமாக விற்க அழைப்பவரை நம்பவேண்டாம்.

(4) பழைய காசுகளை வாங்கவும் விற்கவும் ரிசர்வ் வங்கியின் பெயரால் கட்டணம் கேட்போர் மோசடிக்காரர் என அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது. முன்பணம் கேட்கும் இடத்தில் ஒரு காசும் கட்டாதீர்.

ஐயம் தோன்றிய அங்கத்தினர், பணம் கொடுப்பதற்கு முன் பொருளோடு சங்கத்துக்கு வருவாராக. நீரில் நிறுத்துக் காட்டச் சில நிமிடங்களே ஆகும். அதற்கு மதிப்பீட்டாளர் மனம் கோணாது உதவ வேண்டும். அங்கத்தினரின் சேமிப்பைக் காப்பது கடன் வழங்குவதற்குச் சற்றும் குறையாத சங்கப் பணியாகும்.