கண்டக்கழலையும் அயடீனும்

மக்கள் உடலிலே பிறர் கண்ணுக்கு மறைத்தற்கு அரியன முகமும் கழுத்துமாம். ஆதலின், அவ்விடத்தெழும் நோய் உடலை வருத்துவதோடு உள்ளத்தையும் வருத்தும். அத்தகைய நோய்களுள் ஒன்று கண்டக்கழலை. தொண்டையின் முன்புறம் பருத்துத் தோன்றும் இவ்வீக்கத்தை அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தோர் பல நூற்றாண்டுகளாகக் கண்டுவந்தனர். நீரின் குற்றம் என்றனர் சிலர். காற்றின் குற்றம் என்றனர் சிலர். குலத்தின் குற்றம் என்றாரும் உளர். உண்மைக் காரணம் எவ்வாறு துலங்கிற்று என்பதையும், மருந்து கைக்கெட்டிய பின்னரும் அது மக்களைச் சென்றடைய நூறாண்டு கழிந்தமை ஏன் என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை முன்புறத்தே தழுவி, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்துள்ளது தைரொயிட்டுச் சுரப்பி. ஆங்கில வைத்தியர் தோமஸ் வார்ட்டன் 1656 இல், கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு இதற்குப் பெயரிட்டார். ஏறக்குறைய 20 கிராம் நிறையே உடைய இச்சுரப்பி, தைரொட்சின் முதலிய ஓமோன்களைச் சுரந்து உடலின் வெப்பத்தையும் வளர்ச்சியையும் ஆளுகின்றது. தைரொட்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயடீன் அணுக்கள் உள. உணவில் அயடீன் குறையின் தைரொட்சினும் குறையும். அப்பொழுது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, இன்னும் சுரக்குமாறு தூண்டும் ஓமோனை மிகுதியாக அனுப்பும். மூலப்பொருள் இன்றியே உழைக்க முயலும் தைரொயிட்டு நாளடைவிற் பருக்கின்றது. மிகப் பருப்பின் மூச்சுக்குழாயை அழுத்தி உயிருக்கும் இடர் விளைக்கும்.

இனி, உணவில் அயடீன் குறைவதேன்? அயடீன் சேர்வைகள் நீரில் எளிதிற் கரைவன. பனியாறுகள் மேல்மண்ணைச் சுரண்டிச் சென்ற மலைநாடுகளிலும், பெருமழை ஓயாது கழுவும் நிலங்களிலும் அவை ஆற்றோடு கடலை அடைந்துவிடுகின்றன. அம்மண்ணில் விளையும் பயிரிலும், அப்பயிரை உண்ணும் உயிர்களிலும் அக்குறை தொடர்கின்றது. எனவே, குற்றம் மண்ணினது, குலத்தினது அன்று.

வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயடீன் 150 மைக்கிரோகிராமே. வாழ்நாள் முழுவதற்கும் வேண்டுவது ஒரு தேக்கரண்டியை நிரப்பாது. கருவுற்ற தாய்க்கோ 250 மைக்கிரோகிராம் வேண்டும். அது பெரிதும் கிட்டாதவிடத்துக் கேடு தாயின் கழுத்தோடு நில்லாது, கருவிலுள்ள குழவியின் மூளையைச் சென்று தாக்கும். குறுகிய உடலும், கேளாச் செவியும், மந்த அறிவும் உடையராய்ப் பிறந்த அத்தகையோரைக் ‘கிரெற்றின்’ என அழைத்தனர். ‘கிறித்தவர்’ என்பதன் வட்டார வழக்கே அச்சொல் என்பர். இவரும் நம்மனோரே என்னும் இரக்கத்திற் பிறந்த சொல் பின்னாளில் வசையாயிற்று.

1811 இல் பிரெஞ்சு நாட்டவரான பேணாட் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயடீனைக் கண்டுபிடித்தார். கடற்பஞ்சின் சாம்பல் பண்டுதொட்டே கழலைக்கு மருந்தாக வழங்கியதைக் கருதிய ஜெனீவா வைத்தியர் குவாண்டே, 1820 இல் அயடீனையே மருந்தாக அளித்தார். கழலைகள் சுருங்கின. ஆனால், மக்கள் அளவறியாது உண்டு நெஞ்சுப் படபடப்பும் உடல்மெலிவும் உற்றனர். மருந்தின்மீது அச்சம் படர்ந்தது. பிழை மருந்தில் இல்லை, அளவிலே இருந்தது என்பதை உணர நெடுங்காலம் சென்றது.

1883 இல் பேர்ண் நகரத்துச் சத்திரவைத்தியர் தியடோர் கோகர், சுரப்பியை முற்றாக அகற்றப்பெற்றோர் சோர்ந்து மந்தமுறுவதைக் கண்டு, அதன் இன்றியமையாமையை உலகறியச் செய்தார். 1909 இல் நோபெல் பரிசும் பெற்றார். 1895 இல் பௌமன் அச்சுரப்பியினுள்ளேயே அயடீன் இருப்பதைக் கண்டார். ஐயுறவை முற்றாக நீக்கியது அமெரிக்காவின் அக்ரன் நகரிலே டேவிட் மரைன் என்பார் 1917 இல் தொடங்கிய பரிசோதனை. சோடியம் அயடைட்டைச் சிறு அளவில் உண்ட 2,190 மாணவியருள் ஐவருக்கே சுரப்பி பருத்தது. உண்ணாத 2,305 பேருள் 495 பேருக்குப் பருத்தது. இவ்வெண்களுக்குமேல் விளக்கம் வேண்டா.

ஆயினும், ஏழையும் செல்வரும் நாடோறும் தவறாது உண்ணும் பொருளிற் கலந்தாலன்றி மருந்து யாவர்க்கும் எட்டாது. அப்பொருள் உப்பே. சுவிற்சலாந்தின் அப்பென்செல் மாநிலத்தில், வைத்தியர் எக்கன்பேகர் மக்களிடம் கையொப்பம் திரட்டி அரசை இசைவித்தமையால், 1922 இல் அயடீன் கலந்த உப்பு விற்பனைக்கு வந்தது. வேறு பல நாடுகளும் அந்நெறியைப் பின்பற்றின.

கடல்சூழ் இலங்கையிலும் தென்மேற்கு ஈரவலயத்தில் இந்நோய் மிகுந்திருந்தது. கடலுப்பிலே அயடீன் வேண்டியவளவு இருக்கும் என்பது பொதுமக்கள் எண்ணம். அது பொருந்தாது. கடல்நீர் வற்றி உப்பாகும்போது அதில் எஞ்சும் அயடீன் மிகச் சிறிதே. கடல்மீனும் கடற்பாசியுமே அதனைத் திரட்டி வைப்பன. ஆதலால், மரக்கறி உண்போர்க்கு அயடீன் சேர்த்த உப்பு பெரிதும் வேண்டற்பாலது. 1995 இல் இலங்கையில் உண்ணும் உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று.

எனினும், சட்டம் அடுக்களைவரை வாராது. ஈரமும் வெப்பமும் அயடீனைப் போக்கும்; உப்பை மூடி வைத்தலும், சமையல் முடியுந் தறுவாயிற் சேர்த்தலும் நன்று. கழுத்து வீக்கம் யாவும் அயடீன் குறையால் வருவன அல்ல. வேறு நோய்களும் புற்றும் அவ்வாறு தோன்றக்கூடும். மிகையான அயடீனும் தீங்கே. ஆதலின், வீக்கங் கண்டார் தாமே மருந்துண்ணாது வைத்தியரை நாடுக. கண்டு நகைப்பாரோ, அது மண்ணின் வறுமையால் வந்ததாகவும் இருக்கலாம் என்பதை உணர்ந்து நாவடக்குக.