டீசல் வண்டியின் புகைத் தடுப்புச் சாதனத்தைக் கழற்றலாமா?



நம்மில் பலர் கடைச் சரக்கு ஏற்ற ஒரு டீசல் வண்டியும், வெளியூர்க் கொள்முதலுக்கு ஒரு டீசல் காரும் வைத்திருக்கிறோம். 2020 ஏப்ரல் 1 முதல் புதிய கார்களும் சரக்கு வண்டிகளும் பி.எஸ். 6 விதிப்படியே வருகின்றன. இவற்றில் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும். புது வடிகட்டியின் விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். "முதலாளி, அதைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரையும் சரிக்கட்டிவிடுகிறேன். செலவு மிச்சம், மைலேஜும் கூடும்" என்று சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குத் தலையாட்டும் முன், சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கழற்றச் சொல்வது எதை?

வண்டிக்கு வண்டி அமைப்பு மாறும். பொதுவாக மூன்று சாதனங்கள் உண்டு. முதலாவது இ.ஜி.ஆர். வால்வு. இது புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாவதைக் குறைக்கிறது. இரண்டாவது டி.பி.எஃப். எனப்படும் வடிகட்டி. இது கரித்துகளைப் பிடித்துவைத்து, சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துவிடுகிறது. மூன்றாவது, யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து, நச்சு வாயுவை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் எஸ்.சி.ஆர். சாதனம்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாகப் போகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டி எந்த மாசு விதிக்கு உட்பட்டது என்பதும் பதிவு விவரத்தில் இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்ற உரிமையில்லை என்று தீர்ப்பளித்தது.

2019இல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மூன்று சாதனங்களைக் கழற்றினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இது தவிர, காற்று மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டினாலும், ஓட்ட அனுமதித்தாலும் 190(2) பிரிவின்படி முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். மூன்று மாதம் லைசென்ஸும் பறிபோகும். டிரைவர் லைசென்ஸ் இல்லாமல் உட்கார்ந்தால் நம் சரக்கு எப்படி வந்து சேரும்? மெக்கானிக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார், ஆர்.சி.யில் இருப்பது நம் பெயர்.

பழுதான பாகத்துக்குப் பதில் அதே வகைப் புதுப் பாகம் போடுவது பழுதுபார்ப்பு. அதற்குத் தடையில்லை. கழற்றிவிட்டு வெற்றுக் குழாய் மாட்டுவதுதான் குற்றம்.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே?

"சோதனையில் பாஸ் ஆகிவிட்டது, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. டீசல் வண்டிக்கான புகைச் சோதனை, புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதில்லை. ஆகவே சான்றிதழ் கையில் இருப்பதால் கழற்றியது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. நம் கடைத் தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். எடை சரியாகக் காட்டுகிறது என்பதற்காக முத்திரையை உடைத்துவிட்டு வியாபாரம் செய்ய முடியுமா?

கம்ப்யூட்டரை ஏமாற்றுவதும் நிலைக்காது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்த ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2015இல் அமெரிக்காவில் பிடிபட்டது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குற்றவியல் அபராதமாக மட்டும் 280 கோடி டாலர் கட்டியது. அவ்வளவு பெரிய கம்பெனியாலேயே மறைக்க முடியவில்லை.

யார் மூச்சில் போகிறது?

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. வண்டி கடைவாசலில் என்ஜின் அணையாமல் நிற்கும்போது அந்தப் புகை முதலில் போவது மூட்டை இறக்கும் தொழிலாளியின் மூச்சில். அடுத்து, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் மூச்சில். பிறகு சாமான் வாங்க வந்த தாய்மார்கள், பிள்ளைகள் மூச்சில்.

செய்ய வேண்டியது

பெரும்பாலும் வடிகட்டி அடைப்பதற்குக் காரணம், தெருவுக்குத் தெரு நின்று நின்று ஓடும் சின்னச் சின்ன ஓட்டம்தான். கரித்துகள் எரியப் போதுமான சூடு அதில் ஏறுவதில்லை. விளக்கு எரிந்தால், வண்டிக் கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். பல சமயம் தானே சரியாகிவிடும். கையேட்டில் சொன்ன வகை என்ஜின் ஆயிலையே ஊற்றுங்கள். கலப்பட டீசல் பக்கம் போகாதீர்கள். எஸ்.சி.ஆர். வண்டிக்கு 32.5 சதவீத யூரியா உள்ள தரமான கரைசலையே வாங்குங்கள். உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றினால் சாதனம் கெடும். அப்படியும் விளக்கு அணையாவிட்டால், கம்பெனி சர்வீசில் காட்டிச் சுத்தம் செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

வண்டி வாங்கும்போதே நம் ஓட்டம் எப்படி என்று யோசிப்பது இன்னும் நல்லது. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு டீசல்தான் வேண்டும் என்பதில்லை, சி.என்.ஜி., மின்சார சரக்கு வண்டிகளும் விற்பனையில் உள்ளன.

சிக்கனம் வியாபாரிக்கு அழகு. சட்டத்துக்கு உட்பட்டு மிச்சம் பிடிக்கும் காசுதான் நம்மிடம் தங்கும்.