கொன்றவளே ஆறுதல் சொன்னாள்

திருப்பதி கங்கம்மாவின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பாளையக்காரன் தலை விழும் இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஊர்ப் பெண்களைத் தொல்லைப்படுத்திவந்த அவன், அவிலாலா கிராமத்தில் வளர்ந்த கங்கம்மாவின் மேலும் கண் வைத்தான். அவள் விசுவரூபம் காட்டியதும் ஓடி ஒளிந்தான். பைராகி, பண்டா, தோட்டி என்று நாளுக்கொரு வேடம் போட்டு அவள் தேடினாள். கடைசியில் துரை வேடத்தில் வந்தபோது, யாரோ பெரிய மனிதர் என்று நம்பி வெளியே வந்தான், தலை போயிற்று. ஆனால் கதை இன்னும் ஒரு நாள் நீள்கிறது. மறுநாள் அவள் மாதங்கி வேடம் தாங்கி, செத்தவனின் மனைவியைத் தேடிப் போய், பயப்படாதே என்று தேற்றுகிறாள்.

சாவைக் கொண்டுவந்தவளே சாவு விழுந்த வீட்டில் துக்கமும் விசாரிக்கிறாள். இப்படி ஒரு தெய்வத்தை ஓர் ஊர் எங்கிருந்து கண்டெடுத்தது? விடை தேடிப் போனால், புராணங்களைவிடக் கிருமிகளின் வாழ்க்கைமுறையே அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்.

திருப்பதியில் உள்ள தாத்தய்யகுண்ட கங்கம்மா கோயிலின் ஜாத்திரை மே மாத வெயிலில், ஒரு வாரம் நடக்கிறது. வேடங்களைக் கட்டும் உரிமை கைகாலக் குடும்பத்து ஆண்களுக்கு. பைராகிக்கு உடம்பெல்லாம் வெள்ளை, பண்டாவுக்குக் குங்குமம், தோட்டிக்குக் கரி. ஊரின் மற்ற ஆண்களும் சேலை கட்டி, பூ வைத்து, நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். அண்ணன் முறையில் திருமலை வேங்கடவன் சார்பாகச் சீர்ச் சேலை வருகிறது. கடைசி இரவில் கோயில் முன்னால் களிமண்ணால் அவளுடைய பெரிய முகத்தைச் செய்கிறார்கள். விடியுமுன் பேரண்டாலு (சுமங்கலி) வேடத்தில் வருபவர் அந்த முகத்தின் கன்னத்தைப் பெயர்க்க, கூட்டம் மண்ணுக்காக முண்டியடிக்கிறது. அந்த மண் நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. எமோரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இந்த ஜாத்திரையைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து ஆராய்ந்து, 2013-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஆண்கள் சேலை கட்டும் இந்த வாரத்தில் உலகமே பெண்ணாகிவிடுகிறது என்பதுதான் அவருடைய நூலின் மையம்.

தமிழ் வாசகர்களுக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்காது. திருப்பதியை உள்ளடக்கிய சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. அதற்குத் தென்மேற்கே உள்ள குடியாத்தத்தில், இதே கோடையில், கெங்கையம்மனின் சிரசு ஊர்வலமாக வருகிறது. கங்கம்மாவின் சகோதரிகளில் ஒருத்தி முத்தியாலம்மா. நம் ஊரில் முத்துமாரி. முத்து என்று இரண்டு ஊரிலும் குறிப்பது உடம்பில் எழும் அம்மைக் கொப்புளங்களைத்தான்.

ஜாத்திரை தொடங்குவதற்குச் சாட்டிம்பு என்று பெயர். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. நம் மாரியம்மன் திருவிழாக்களில் காப்புக் கட்டியதும் இதே விதிதான். இதைத் தனிமைப்படுத்தல் என்று சொல்லி, முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ள ஆசை வரும். அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை. திருவிழாக் கூட்டமே தொற்றைப் பரப்பியும் இருக்கும். ஆனால் அம்மை நோய்க்கு ஊர் எல்லை என்ற ஒன்று பொருட்படுகிறது, அது வெளியிலிருந்து வருகிறது, சில வாரம் தங்குகிறது, பிறகு போய்விடுகிறது என்பதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அந்தப் பார்வை துல்லியமானது.

பெரியம்மைக் கிருமிக்கு மனிதனைத் தவிர வேறு புகலிடம் இருந்ததில்லை. விலங்குகளில் அது குடியிருக்கவில்லை. நோயாளியின் மூச்சு வழியே அடுத்தவருக்குள் போனால், ஏறத்தாழ 12 நாள் எந்த அடையாளமும் இராது. பிறகு கடுங்காய்ச்சல், முகத்திலும் கைகால்களிலும் நெருக்கமாக முத்துக்கள். இந்தியாவில் பரவிய கொடிய வகையில் பத்துப் பேருக்கு மூன்று பேர் அளவில் இறந்தார்கள். பிழைத்தவருக்கோ ஆயுளுக்கும் மறுபடி வருவது அரிது. இரத்தத்தில் உள்ள நினைவுச் செல்கள் அந்தக் கிருமியின் அடையாளத்தைப் பல பத்தாண்டுகள் மறப்பதில்லை. ஒருமுறை தீண்டியவரை அம்மா மறுமுறை தீண்ட மாட்டாள் என்று கிராமம் சொன்னது இதைத்தான்.

இப்போது ஆயிரம் பேர் வாழும் ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளே வருகிறது. முன்பு வராத குழந்தைகளையெல்லாம் சில மாதங்களில் தொட்டு முடிக்கிறது. அதன்பின் பற்றுவதற்கு ஆளில்லை. சருகு தீர்ந்த காட்டில் தீ அணைவதைப் போல அணைகிறது. அடுத்த முறை வர, புதிய குழந்தைகள் போதுமான அளவு பிறந்திருக்க வேண்டும்; எங்கிருந்தோ ஒரு பயணி கிருமியைச் சுமந்து வரவும் வேண்டும். தட்டம்மைக்கு இந்தக் கணக்கைப் பிரிட்டனைச் சேர்ந்த புள்ளியியலாளர் பார்ட்லெட் 1950-களில் போட்டுப் பார்த்தார். அது இடைவிடாமல் நிலைத்திருக்க இரண்டரை லட்சத்துக்கு மேல் மக்கள் ஒன்றாக வாழும் நகரம் தேவை. பழைய காலத்தில் எந்தக் கிராமத்துக்கும் அந்த அளவு இல்லை. ஆகவே தட்டம்மையும் பெரியம்மையும் அங்கே எப்போதுமே விருந்தாளிகள். வந்தவளை வரவேற்று, குளிர்வித்து, எல்லைவரை கொண்டுபோய் விடும் சடங்கு ஏன் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியது என்பது இதில் விளங்குகிறது.

பருவமும் அப்படியே. வெப்ப நாடுகளில் வறண்ட மாதங்களில் பெரியம்மை ஏறும், மழை தொடங்கினால் இறங்கும். வறண்ட காற்றில் அந்தக் கிருமி அதிக நேரம் உயிரோடு இருக்கும். வயல் வேலை ஓய்ந்து, கல்யாணங்களுக்கும் சந்தைகளுக்கும் ஆட்கள் ஊர் ஊராகப் போகும் காலமும் அதுதான். கோடையின் உச்சத்தில் பொங்கலிட்டு, கூழ் வார்த்து, அவளைக் குளிர்வித்தார்கள். சில வாரங்களில் மழை வந்தது, நோயும் தணிந்தது. ஆண்டுக்காண்டு தங்கள் வேண்டுதல் பலித்ததைக் கண்ணால் கண்ட மக்கள் நம்பாமல் எப்படி இருப்பார்கள்?

ஊரைவிட்டுப் போகாத அம்மை ஒன்றும் உண்டு. சின்னம்மைக் கிருமி, புண் ஆறிய பிறகும் உடம்பை விட்டு வெளியேறுவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய் அடங்கிவிடுகிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து, எதிர்ப்பாற்றல் தளரும்போது, அந்த ஒரு நரம்பு போகும் தடத்தில் மட்டும் கொப்புளமாக எழுகிறது. நாம் அக்கி என்கிறோம். குயவர் வீட்டில் காவி மண்ணால் எழுதிக்கொள்வோம். அக்கி வந்த தாத்தாவிடமிருந்து, இதுவரை அம்மை காணாத பேரக்குழந்தைக்குச் சின்னம்மை தொற்ற முடியும். எங்கேயும் யாத்திரை போகாமல், வெளியாள் வராமல், மூன்றாம் தலைமுறையில் நோய் ஊருக்குள்ளேயே மறுபடி பிறக்கிறது. அடங்கிக் கிடக்கும் பழைய சின்னம்மையே அக்கியாக எழுகிறது என்று 1965-இல் வலுவாக வாதிட்டவர் ஹோப்-சிம்சன் என்ற ஆங்கில ஊர் மருத்துவர். ஆயிரம் பேர்கூட இல்லாத சமூகத்திலும் சின்னம்மை நிலைத்திருப்பது இதனால்தான். எனக்கு இந்த ஒரு செய்தி எத்தனை முறை படித்தாலும் வியப்புக் குறைவதில்லை.

இனி கங்கம்மாவின் சாந்தத்துக்கு வருவோம். பெரியம்மை பரவிய காலத்தில் அதற்கு மருந்து இருக்கவில்லை. நோய் ஒழியும்வரை கண்டுபிடிக்கவும் இல்லை என்றே சொல்லலாம். இருந்தது பணிவிடை மட்டும்: இளநீர், மோர், கஞ்சி, வெள்ளைத் துணி, குளிர்ந்த தரை, அரிப்புக்கு வேப்பிலைக் கொத்தின் வருடல். காய்ச்சலில் நீர் வற்றிப்போகும் உடம்புக்குத் தண்ணீர் புகட்ட ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பது பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையே நின்றது. நோயாளியைக் கண்டு ஓடுவதுதான் மனித இயல்பு. அவர் உடம்பில் அம்மா இறங்கியிருக்கிறாள் என்று நம்பிய வீடு ஓடவில்லை. தாளிப்பை நிறுத்தி, சத்தம் குறைத்து, அருகிலிருந்து சேவித்தது. இறந்தாலும், அவளோடு சேர்ந்து அந்த உடம்பு வேகக் கூடாது என்று எரிக்காமல் புதைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, என் பிள்ளை தண்டனையில் போகவில்லை, அம்மா எடுத்துக்கொண்டாள் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்தது. மாதங்கி வேடம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

அதே நம்பிக்கை உயிர்களையும் வாங்கியது. அம்மாவின் கோபத்துக்கு அஞ்சி, தடுப்பூசி போடுபவர்கள் வந்தால் குழந்தைகளை ஒளித்த வீடுகள் உண்டு. இதை மறைத்துவிட்டு அவளுடைய அருமையை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் பக்தியும் தடுப்பூசியும் எப்போதும் பகையாக இருந்ததும் இல்லை. 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி தீட்டிய மைசூர் அரச குடும்பப் பெண்களின் ஓவியத்தில், ஓர் இளம் ராணி சேலைத் தலைப்பை ஒதுக்கி, ஊசி போட்ட கையைக் காட்டுவதுபோல் நிற்கிறாள். புதிய தடுப்பூசிக்கு மக்களை இணங்க வைப்பதற்காகவே அது வரையப்பட்டது என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். நூற்றாண்டின் இறுதியில், 1899-இல் கிண்டியில் தொடங்கிய கிங் நிலையத்தின் முதல் வேலையே சென்னை மாகாணத்துக்கான அம்மைப் பால் (தடுப்பூசி மருந்து) தயாரிப்பதுதான். சித்தூர்ப் பக்கம் முழுவதும் அந்த மாகாணத்துக்குள் அடங்கியது.

இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளிகள் 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார்கள். 1980 மே 8 அன்று, உலகிலிருந்தே அது ஒழிந்ததாக உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. இரண்டுமே ஜாத்திரை மாதத்தில். இன்று அந்தக் கிருமி முறையான அனுமதியோடு இரண்டே ஆய்வகங்களில் உறைநிலையில் இருக்கிறது: ரஷ்யாவின் கோல்ட்சோவோவில் ஒன்று, அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒன்று. கங்கம்மாவைப் பற்றிப் புத்தகம் எழுதிய பேராசிரியரின் பல்கலைக்கழகம் அந்த அட்லாண்டா நிலையத்துக்கு அடுத்த வளாகம்.

திருப்பதியில் ஜாத்திரை நிற்கவில்லை, கூட்டம் கூடியிருக்கிறது. சின்னம்மையும் நிற்கவில்லை. அதற்கான தடுப்பூசி உண்டு, ஆனால் அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இன்னும் சேரவில்லை. தனியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொரு கோடையிலும் சில வீட்டு வாசல்களில் வேப்பிலை ஏறுகிறது. அந்த வீடுகளில் குழந்தையைத் தாராளமாகச் சேவிக்கலாம், தலைக்குத் தண்ணீரும் விடலாம். ஆனால் இதுவரை அம்மை காணாத கர்ப்பிணியும் பிறந்த குழந்தையும் அந்தப் பக்கம் போகக் கூடாது; கிருமி அவர்களிடம் இரக்கம் காட்டாது. காய்ச்சல் தணியாமல் மூச்சு வாங்கினால் மருத்துவமனைக்குப் போக நாள் பார்க்க வேண்டாம்.