பாதியில் நிறுத்தும் மாத்திரை: தங்கவயலுக்கு ஓர் எச்சரிக்கை

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. ஆனால் அங்கே சுவாசித்த தூசி, பழைய தொழிலாளர்களின் நுரையீரலை விட்டுப் போகவில்லை.

வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கிப் பாறையைத் துளைத்தார்கள். பாறைத் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பாக இறுகுவதே சிலிக்கோசிஸ் நோய். இதற்கு நஷ்டஈடு கொடுக்க மைசூர் சமஸ்தானம் 1940-ம் ஆண்டிலேயே விதிகள் செய்தது.

இப்படிப்பட்ட நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். சுரங்க வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

சாகாத கிருமி

காசநோய்க் கிருமிகளில் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று, ஐசோனியாசிட் மருந்துக்குச் சாகாது. ரிபாம்பிசினுக்குச் சாகாதது 10 கோடியில் ஒன்று. நோய் முற்றிய நுரையீரலிலோ கோடிக்கணக்கான கிருமிகள் உண்டு. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, சாகாத கிருமி பெருகி விடும். ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வில் இதுதான் நடந்தது. அதன் முடிவு 1948-ல் வெளியாயிற்று.

ஆகவேதான் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றில் மாட்டிக்கொள்ளும். இருமல் அடங்கியதும் மாத்திரையை நிறுத்துவதும், விட்டு விட்டுச் சாப்பிடுவதும் இந்தக் காவலைக் குலைத்து விடும்.

மருந்துக்கு மசியாத கிருமி, நோயாளியோடு நிற்பதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கும், பெங்களூருக்குத் தினமும் ரெயிலில் நெருக்கியடித்துப் போகிறவர்களுக்கும் இருமல் வழியாகப் பரவக்கூடும். அதுவரை ஒரு மாத்திரையும் சாப்பிடாதவருக்கும் அப்போது வழக்கமான மருந்து கேட்காது.

6 மாதமா, 8 மாதமா?

சிலிக்கோசிஸ் உள்ள காசநோயாளிகள் பற்றி ஹாங்காங்கில் ஓர் ஆய்வு நடந்தது. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையமும் அதில் பங்கு கொண்டது. 1991-ல் முடிவு வெளியாயிற்று. 6 மாதம் மருந்து சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு 3 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. 8 மாதம் சாப்பிட்டவர்களில் அது 7 சதவீதம்தான். தூசி படிந்த நுரையீரலுக்குக் கூடுதல் நாள் தேவைப்படுகிறது.

இது தெரியாத இளம் டாக்டர், வழக்கமான 6 மாதத்தோடு நிறுத்தி விடலாம். எனவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், பழைய தொழிலாளி சுரங்கத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரிபாம்பிசின் கேட்குமா என்பதைச் சளிப் பரிசோதனை இப்போது சுமார் 2 மணி நேரத்தில் காட்டி விடும். அரசுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்துக்கு மசியாத காசநோய்க்கு முன்பு 20 மாதம் வரை சிகிச்சை தேவைப்பட்டது. தகுதியுள்ளவர்களுக்கு 6 மாதத்தில் முடியும் புதிய சிகிச்சையை மத்திய அரசு 2024-ல் அனுமதித்தது.

ஆனால் எந்தச் சிகிச்சையானாலும், நிறுத்தும் நாளை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இருமல் நின்றதை வைத்து நோயாளி முடிவு செய்யக் கூடாது.