வெள்ள நிவாரணம்: முதல் நாள் வருபவர்கள் சரி... பத்தாவது நாள் யார் வருவார்கள்?

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போக வழியில்லை. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் சுமார் 800 பயணிகள். கைக்குழந்தைகள், வயதானவர்கள் எல்லாம் இருந்தார்கள். கடைசிப் பயணிகள் அங்கிருந்து வெளியேற 19-ம் தேதி ஆகிவிட்டது.

அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டது யார்? பக்கத்தில் இருந்த புதுக்குடி கிராம மக்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் தண்ணீர்தான். ஆனாலும் இருந்த அரிசியைத் திரட்டி, கோயிலில் வைத்துச் சமைத்து, வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். எந்த அமைப்பும் இல்லை, பேனரும் இல்லை.

ஒவ்வொரு பேரிடரிலும் இப்படி ஒரு கதை இருக்கும். நெகிழ்ந்து, ஷேர் பண்ணிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் தன்னார்வலர்களின் உதவி எங்கே கைகொடுக்கிறது, எங்கே சொதப்புகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அடுத்த மழைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

முதல் ஆள் ஏன் பக்கத்து வீட்டுக்காரர்?

கணக்கு சிம்பிள். அதே மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது சுமார் 95 செ.மீ. அந்த அளவுக்குப் பெய்தால் சாலை, ரயில், மின்சாரம், செல்போன் டவர் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். மீட்புப் படை பக்கத்து மாவட்டத்தில் தயாராக நின்றாலும் ஊருக்குள் நுழைய நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் இருப்பது உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளைக் கடற்கரையிலிருந்து குடியிருப்புகளுக்கே கொண்டு வந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் மீட்டவர்கள் ஆயிரக்கணக்கில். ‘கேரளத்தின் ராணுவம்’ என்று முதல்வர் பினராயி விஜயன் அவர்களைப் பாராட்டினார். படகு இருந்தது மட்டும் காரணமில்லை. நீரோட்டத்தைப் பார்த்தே எங்கே இழுக்கும், எங்கே திருப்பலாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.

சரி, பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது?

இரண்டாவது, மூன்றாவது நாளில். வெளியூர் லாரிகள் வரத் தொடங்கும்போது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது கஜா புயல். டெல்டா முழுக்கத் தென்னையும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. தமிழ்நாடு முழுவதிலிருந்தும் நிவாரண வண்டிகள் கிளம்பின. ஆனால் மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்களிலேயே பல வண்டிகள் காலியாகிவிட்டன. உள்ளே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்த கிராமங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் எதுவும் போய்ச் சேரவில்லை. சில இடங்களில் பசியோடு இருந்த மக்கள் சாலையில் வண்டிகளை மறித்தார்கள். ஒரு தெருவில் ஐந்து முறை பிஸ்கட் கொடுத்தார்கள், அடுத்த தெருவில் குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. கொடுத்தவர்களின் மனசில் குறையில்லை, கையில் லிஸ்ட்தான் இல்லை.

பழைய துணி விஷயமும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வந்து இறங்கிய பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்தன. எல்லாம் இழந்து நிற்பவர் இன்னொருவரின் கிழிந்த சட்டையை வாங்கிக்கொள்வார் என்று நினைப்பதே தப்பு. அதை அப்புறப்படுத்துவது அங்கே ஒரு தனி வேலையாகவே ஆனது.

நாகை கற்றுக்கொடுத்தது என்ன?

சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக, 6,000 பேருக்கு மேல் இறந்தது நாகை மாவட்டத்தில். உதவ வந்த அமைப்புகளும் ஏராளம். அங்கே மாவட்ட நிர்வாகமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை உருவாக்கின. எந்த ஊரில் யார் வேலை செய்கிறார்கள், எங்கே என்ன தேவை என்ற தகவல் ஒரே இடத்தில் சேர்ந்தது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் விடுபட்ட ஊரைக் கண்டுபிடிக்க வேறு வழியே இல்லை.

2015-ல் சென்னை இளைஞர்கள் இதையே ஆன்லைனில் செய்தார்கள். உதவி தேவைப்படுபவர்கள், உதவத் தயாராக இருப்பவர்கள் என்று கூகுள் ஷீட்டில் பட்டியல் போட்டார்கள். அதில் ஒரு சிக்கலும் தெரிந்தது. தேதி, நேரம் இல்லாத ஃபார்வர்டுகள் நாள்கணக்கில் சுற்றும். ஏற்கெனவே மீட்கப்பட்டவரைத் தேடிப் படகு போகும். அந்த நேரத்தில் இன்னொரு மொட்டை மாடியில் ஒரு குடும்பம் காத்திருக்கும்.

நீங்கள் களத்துக்குப் போவதாக இருந்தால்?

• கிளம்பும் முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை (1077) அழைத்து, எந்த ஊர் விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070.

• உள்ளூரில் பொருளை வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஓர் ஆள் இல்லாமல் வண்டியை அனுப்பாதீர்கள்.

• தார்ப்பாய், பாய், நாப்கின், பால் பவுடர், டார்ச், பிளீச்சிங் பவுடர், இவற்றுக்கெல்லாம் தேவை அதிகம். இருந்தாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

• வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண்ணோடு இறங்காதீர்கள், பூட்ஸ் அவசியம். தடுப்பு மாத்திரை, டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

• நீச்சல் தெரியும் என்பதற்காக மீட்பில் குதிக்காதீர்கள். அறுந்த மின்கம்பியும் திறந்த பாதாளச் சாக்கடையும் தண்ணீருக்குள் தெரியாது. இதற்கு முறையான பயிற்சி வேண்டும். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 12 நாள் பயிற்சி தரப்பட்டது. 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்பது அதன் இலக்காக இருந்தது.

பத்தாவது நாள்

கேமராக்கள் கிளம்பிவிடும். லீவு முடிந்து தன்னார்வலர்களும் ஆபீஸுக்குத் திரும்பிவிடுவார்கள். நனைந்த ரேஷன் கார்டு, குழந்தையின் பாடப்புத்தகம், ஓடாத தையல் மெஷின், சாய்ந்த தென்னை... இவை எதுவும் ஒரு வாரத்தில் சரியாவதில்லை.

பேராவூரணி இளைஞர்கள் கஜாவுக்குப் பிறகு வேறு மாதிரி யோசித்தார்கள். நிவாரணத்துக்காகத் திரண்டவர்கள் கலைந்து போகாமல், விவசாயிகளோடு சேர்ந்து ஊரின் பெரியகுளத்தைத் தூர்வாரும் வேலையில் இறங்கினார்கள். 500 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள, கடைமடைப் பகுதியின் ஏரி அது. மரம் போன ஊரில் அடுத்த விளைச்சலுக்குத் தண்ணீராவது இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

அடுத்த புயலுக்கு உங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பணம் திரட்டினால், பாதியை முதல் வாரத்துக்குச் செலவழியுங்கள். மீதியை ஒரு மாதம் கழித்து, அதே ஊருக்குத் திரும்பிப் போய், இப்போது என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.